ஜமீனுக்குச் சோறு

செப்டம்பர் 15, 1987, செவ்வாய்

விடியற்காலையில் தூறல். ஏழு மணிக்கு விட்டது. ஏழரை பஸ்ஸில் கச்சிராயபாளையம். தூக்குவாளியில் சோறு, நேற்றைய ஆட்டெலும்பு, கொஞ்சம் மோர். சன்னலோர இடம் கிடைத்தது. மலை முழுக்க மேகம்.

முனுசாமி அண்ணனுக்கு நேற்று வலது கண் ஆபரேஷன் முடிந்தது. இங்கே கள்ளக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் முகாம். வகுப்பறையில் வரிசையாகக் கட்டில், ஒரு அறைக்குப் பதினாறு பேர். இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை வைத்திருக்கிறார்கள். ஒன்பது நாள் இருக்க வேண்டும். முதல் ஆறு நாள் மல்லாந்த மேனிக்குத்தான். இருமக்கூடாது, குனியக்கூடாது. எழுந்து நடந்தால் தையல் பிரிந்து கண்ணே போய்விடும் என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இடது கண் ஏற்கெனவே பாதிதான் தெரியும் அவருக்கு.

அவர் நாய்க்குச் சோறு போட அதுவரை நான். போன மாசமே பேசி வைத்தது. இல்லாவிட்டால் ஆபரேஷனுக்கே ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். மலையடிவாரத்தில் மரவள்ளிக் கொல்லை, தனி வீடு, மனைவி இல்லை, மகள் சேலத்தில். கூட இருப்பது ஜமீன் மட்டும். தட்டு எதிரே வரும்வரை எழுந்திருக்காது என்பதால் குட்டியிலேயே வைத்த பெயர். இப்போது பதினோரு வயசு. பின்னங்கால் ஒன்று இழுப்பு. அவரையும், அடிக்கடி போய்வருகிற என்னையும் தவிர யாரையும் கிட்டே விடாது. அவிழ்த்துவிட்டால் அவரைத் தேடி ரோட்டுக்கு ஓடும், லாரிகள் வரும் ரோடு. அதனால் கொட்டகைத் தூணில் நீளச் சங்கிலி.

என் வலது முட்டி மடங்காது. அதற்கு நானே செய்துகொண்ட ஏற்பாடுகள் (இரும்புக் கடைக்காரன் சும்மாவா):
— முனை வளைத்த மூன்றடிக் கம்பி. தட்டை இழுக்க, தள்ள. குனிய வேண்டாம்.
— தட்டு வைக்க உரலைக் கவிழ்த்துப் போட்டது. ஜமீனுக்கும் கழுத்து வலிக்காது.
— தண்ணீர் ஊற்ற நீள மூக்கு வைத்த டின்.
உண்ணி எடுப்பது மட்டும் முடியவில்லை. உட்கார்ந்தால்தான் ஆகும், தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. இரண்டு வருஷமாகத் தரையில் உட்காரவில்லை.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் வீடு. மகன் அன்வர் கல்லாவில் இருந்தபடி: "நாய்க்கு சோறு போட பஸ்ல போயி வர ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் அத்தா." வாடிக்கைக்காரர் ஒருவர் சிரித்தார். நம் வீட்டுப் பூனை பஞ்சு மடியில் வந்து படுத்தது. அவளுக்குக் காதில் சொட்டு மருந்து, இரண்டு வேளை.

செப்டம்பர் 16, புதன்

வெயில். பஸ்ஸில் எல்லாரும் ஒரே பேச்சு. நாளையிலிருந்து மறியல், இட ஒதுக்கீடு கேட்டு. ஒரு வாரமாம். மரங்களை வெட்டி ரோட்டில் போடுவார்களாம். கண்டக்டர்: "ஒரு வாரமாவது ஒண்ணாவது. ரெண்டு நாள்ல முடிஞ்சிரும் பாருங்க."

நாயை பஸ்ஸில் ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "இன்னா பாய், வெளையாடறியா?"

கொல்லையில் யோசித்துக்கொண்டே நின்றேன். அவிழ்த்துவிடவா? ரோட்டுக்குப் போகும். பக்கத்துக் கொல்லைக்காரரிடம் சொல்லலாமா? போன வருஷம் அவர் சட்டையைக் கிழித்திருக்கிறது. அவர் வர மாட்டார். மண்தொட்டி நிறையத் தண்ணீர். நாலு உருண்டை கேழ்வரகுக் களி, ஓலைப்பெட்டியில். ஜமீன் களியை இன்றைக்கே தின்றுவிடும் என்று தெரியும். தெரிந்துதான் வைத்தேன். இரண்டு நாள்தானே என்ற நினைப்பு.

கிளம்பும்போது குரைக்கவில்லை. பார்த்துக்கொண்டே படுத்திருந்தது.

செப்டம்பர் 17, வியாழன்

பஸ் ஒன்றுகூட இல்லை. ஸ்டாண்டு காலி, பார்க்கவே என்னமோ போல இருந்தது. கடைகள் எல்லாம் கதவடைப்பு. தியாகதுருகம் பக்கமும் மரம் விழுந்து கிடக்கிறதாம். சைக்கிளில் வந்த பால்காரர் சொன்னது.

முகாமுக்கு நடந்து போனேன். என் குரலைக் கேட்டதும் அண்ணன் கண்டுபிடித்துவிட்டார்.

"பாய்தான? சாப்ட்டானா?"

"சாப்ட்டான்."

"எலும்பு கடிக்கிறானா? பல்லு ஆடிச்சே அவனுக்கு."

"நல்லா கடிக்கிறான் அண்ணே."

பொய். வாயில் வந்துவிட்டது. அவர் சிரித்தார், தலையை அசைக்காமல். வீட்டுக்கு வந்து தட்டைப் பாதியில் தள்ளி வைத்தேன். மருமகள் மெஹர் கேட்டாள், "இன்னா மாமா, ஒடம்பு சரியில்லயா?" வெயில் என்றேன்.

செப்டம்பர் 18, வெள்ளி

ஜும்மா தொழுகை முடித்து நேராக முகாம். வாசலிலேயே சத்தம். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தேவிட்டார்! ஒரு மணல் மூட்டை கீழே. நர்ஸம்மா இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "படுங்க பெரியவரே, படுங்க, கண்ணு போயிரும்." பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி நேற்று முதல் பஸ்ஸே இல்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டிருக்கிறார்.

நான் கையைப் பிடித்தேன்.

"பாய், நேத்து ஒரு பொய் சொன்ன. இன்னொண்ணு சொல்லாத. சாப்ட்டானா?"

"இல்ல அண்ணே."

"எப்ப சாப்ட்டான்?"

"புதன்கெழம."

கால்களைக் கீழே தொங்கவிட்டு, தரையைத் துழாவினார். "செருப்பு எங்க? நான் நடந்தே போயிக்கிறேன். எனக்கு வழி கண்ணுல இல்ல, கால்ல இருக்குது."

"அண்ணே, நாளைக்கி நான் போறேன்."

"எப்புடி?"

"சைக்கிள்ல."

"நீயா? வூட்லருந்து பஸ் ஸ்டாண்டுக்கே ரிக்‌ஷால போற ஆளு நீ."

"போறேன்னு சொல்றன்ல."

மெதுவாகச் சாய்ந்தார். "நாளைக்கி பொழுது சாயற வரைக்கும் அசையாம கெடக்கறேன். அதுக்குள்ள அவன் நல்லா இருக்கான்னு எனக்குத் தெரியணும். தெரியலன்னா எழுந்து போயிக்கினே இருப்பேன். அப்பறம் யாரும் என்னப் புடிக்காதீங்க."

சொன்னால் செய்கிற ஆள். நர்ஸம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நல்லவேளை, தையல் ஒன்றும் ஆகவில்லை என்று சாயங்காலம் டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னாராம்.

வீட்டில் சண்டை. அன்வர்: "போக வர பதினெட்டு மைலு. அறுவத்தேழு வயசு. வழியில எவனாவது அடிச்சான்னா? ஒரு நாய்க்காவ?"

"நாய்க்காவ இல்லடா. முனுசாமிக்காவ."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஆமா, ரெண்டும் ஒண்ணுதான்."

சைக்கிளைக் கடைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். கடையின் இன்னொரு சாவி என்னிடம்தான் இருக்கிறது. கடை நான் வைத்த கடை.

செப்டம்பர் 20, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று படுக்கையிலிருந்தே எழுதுகிறேன். மறப்பதற்குள் எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

சனிக்கிழமை விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினேன். நான் கேட்காமலே மெஹர் தூக்கை நிரப்பி வைத்திருந்தாள். குழைந்த சோறு, ஈரல். "மாமா, முட்டிக்கி துணி சுத்திக்கினு போங்க." சுற்றிவிட்டாள்.

முதல் இரண்டு மைல் சரியாகப் போனது. சைக்கிள் ஏறி ஆறு வருஷம் இருக்கும், உடம்பு மறக்கவில்லை. வலது காலை நீட்டியே வைத்துக்கொண்டேன். இடது காலுக்குத்தான் வேலை. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. கரும்புக்கொல்லையில் காற்று அடிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

பிறகு புளியமரம். வேரோடு சாய்த்து ரோட்டின் குறுக்கே. பச்சை வாசனை. இருபது பேர் இருப்பார்கள். கல்லு, கம்பு.

"எங்க பாய் போற?"

"கச்சிராயபாளையம் தாண்டி."

"இன்னிக்கி ஒருத்தரும் தாண்டக் கூடாது. தெரியும்ல?"

"நாய்க்கு சோறு போடணும்ப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னா பாய், எங்களப் பாத்தா எப்புடி இருக்குது? போலீசுக்கு சேதி கொண்டும்போறான்யா இவன்" என்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். தூக்கை எடுத்துத் திறந்து காட்டினேன். மூடி கீழே விழுந்தது.

தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். என் வயசு இருக்கும். இறங்கி வந்து தூக்கை மோந்து பார்த்தார்.

"யாரு நாயி?"

"முனுசாமி அண்ணனுது. கண்ணு ஆபரேசன், கள்ளக்குறிச்சியில படுத்துக்கினு இருக்காரு. நாய் மூணு நாளா கட்டிக் கெடக்குது."

"மரவள்ளிக் கொல்ல முனுசாமியா? அந்த நாய்க்கி வலது காது மடிஞ்சிருக்குமே."

"இல்லிங்க. எடது காது."

என்னையே பார்த்தார். பிறகு திரும்பி, "எடதுதான். நெசந்தான் சொல்றாரு, வுடுங்கடா. அந்த நாயி என் தொடயில ஒரு வாட்டி புடிச்சிக்கிச்சி, மறப்பனா?"

மறுபடி சிரிப்பு. ஹேண்டிலைப் பிடித்தவனே சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தான். என்னையும் இரண்டு பேர் கைகொடுத்து ஏற்றி இறக்கினார்கள். பெரியவர்: "எங்க புள்ளைங்க படிப்புக்கும் வேலைக்கும் கேக்கறோம் பாய். உங்க மேல இன்னா கோவம் எங்களுக்கு? அடுத்த மரத்துல கேட்டா கோவாலு மாமா வுட்டாருன்னு சொல்லு."

அடுத்த மரம், அதற்கடுத்த மரம். மொத்தம் ஏழு. ஆள் இருந்த இடத்தில் எல்லாம் கோபாலு மாமா பெயரைச் சொன்னேன். மூன்றில் யாரும் இல்லை. அங்கே சைக்கிளைக் கிளைகளுக்கு அடியில் தள்ளிவிட்டு நான் தவழ்ந்து போனேன். முட்டி மடங்காத மனுஷன் தவழ்வதை ஆண்டவன் மட்டும் பார்த்தான்.

கொல்லைக்குப் போகும்போது பத்தரை. சத்தமே இல்லை. "ஜமீன்" என்றேன். பதில் இல்லை. "டேய் ஜமீன்." சங்கிலி லேசாகக் கிணுகிணுத்தது.

சங்கிலி தூணில் முழுக்கச் சுற்றிக்கொண்டு அரை முழம்தான் மிச்சம். தொட்டி கவிழ்ந்து கிடந்தது. தலையைத் தூக்கவில்லை, வால் மட்டும் ஒரு தடவை தரையைத் தட்டியது. நாக்கு வறண்டு மரக்கட்டை மாதிரி.

தரையில் உட்கார்ந்தேன். யோசிக்கவே இல்லை. முட்டியில் ஏதோ படக்கென்றது, வலியில் கண் கலங்கிவிட்டது. தலையை மடியில் வைத்து, பக்கத்தில் இருந்த டின் தண்ணீரில் துண்டை நனைத்து வாய்க்குள் பிழிந்தேன். ஒரேயடியாகக் கொடுக்கக்கூடாது என்று தெரியும். கடைக்கு வண்டிமாடு வைத்திருந்த காலத்தில் கற்றது. கொஞ்சம் கொஞ்சமாக. அரை மணி. பிறகு தானே நக்கியது. பிறகு ஈரல் ஒரு துண்டு. அப்புறம் என்னைப் பார்த்து ஒரு உறுமல், தட்டில் போடு என்பது போல. அந்த உறுமலைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தேன், தனியாக உட்கார்ந்துகொண்டு.

எழத்தான் முடியவில்லை. தூணைப் பிடித்து மூன்று தடவை. நாலாவது தடவை எழுந்தேன்.

சோறு போட்டாயிற்று என்று வந்துவிடலாம். ஆனால் நாளைக்கு? அதற்கு மறுநாள்? அதோடு, என் வாய்வார்த்தையை அண்ணன் நம்பப் போவதில்லை. ஒரு பொய் சொல்லியாயிற்றே. ஜமீனைக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். நடக்கவிட்டால் அரை மைல்கூட நடக்காது. மரவள்ளிக் கிழங்கு அள்ளுகிற கூடை இருந்தது. கேரியரில் வைத்து, கயிறு போதாமல் என் வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். (உள்ளே கைலி கட்டியிருந்தேன்.) ஏற்றுவதற்குத்தான் பெரும்பாடு. உரல் மேல் நிற்க வைத்து, உரலிலிருந்து கூடைக்கு. மிதிக்க முடியாது, சாய்ந்துவிடும். தள்ளிக்கொண்டே வந்தேன். ஒன்பது மைல்.

வரும்போது எல்லா மரத்திலும் ஆட்கள் இருந்தார்கள். கூடையைத் தனியாக, சைக்கிளைத் தனியாகத் தூக்கிக் கொடுத்தார்கள். ஜமீன் எல்லாரையும் பார்த்துப் பல்லைக் காட்டியது, குரைக்கத் தெம்பில்லை. கோபாலு மாமா தூரத்திலேயே நின்றுகொண்டு, "என்னிய ஞாபகம் இருக்குதாடா?" என்றார். ஒருவன் எனக்குக் கூழ் கொடுத்தான். காலையில் என்னைச் சந்தேகப்பட்டவனேதான். இரண்டு சொம்பு குடித்தேன்.

பள்ளிக்கூடத்து வாசலுக்கு வரும்போது ஐந்தரை. வெயில் மஞ்சளாக இருந்தது. வாட்ச்மேன், "நாய உள்ள வுட முடியாது பாய்." பின்பக்கம் சுற்றிப்போனேன். அண்ணனின் கட்டில் சன்னலோரம். ஜமீனை இறக்கி, சன்னல் கட்டைமேல் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்துவிட்டேன்.

உள்ளே அவர் நர்ஸம்மாவிடம், "பொழுது சாஞ்சிச்சா? மெய்யா சொல்லும்மா."

ஜமீன் ஒரு சத்தம் போட்டது. குரைப்பு இல்லை. பதினோரு வருஷமாகக் கேட்டிராத சத்தம்.

அண்ணன் அசையவில்லை. அவ்வளவு ஆசையிலும் தலையை ஒரு நூல் திருப்பவில்லை, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கையை மட்டும் சன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினார். ஜமீன் நக்கியது. விரல்கள் துழாவிப்போய் மடிந்த காதைப் பிடித்துக்கொண்டன.

"பாய்."

"சொல்லு அண்ணே."

"எளச்சிட்டான்."

"ஏத்திடலாம்."

"ம்."

நர்ஸம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். "நான் எதையும் பாக்கல. ஆனா அந்தக் கைய டெட்டால் போட்டுக் கழுவாம கண்ணுப் பக்கம் கொண்டும்போனீங்க, அப்பறம் பாக்கறேன்." தானே கழுவியும் விட்டார். அதற்குப் பிறகு அண்ணன் வடித்துவைத்த சிலை மாதிரி படுத்துக்கொண்டார். அந்த அறையில் அவரைப்போல் அசையாமல் கிடந்த ஆள் வேறு யாரும் இல்லையாம்.

வீட்டுக்கு வந்து விழுந்தவன்தான்.

செப்டம்பர் 21, திங்கள்

உடம்பு முழுக்க வலி. முட்டி பந்து மாதிரி. மெஹர் விளக்கெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள்.

ஜமீன் கடைப் பின்கட்டு குடோனில். பஞ்சு வீட்டுக்குள். இரண்டுக்கும் நடுவே கதவு, கதவுக்கடியில் இருபக்கமும் மோப்பம். நாய்க்கென்று தனிக் கைலி வைத்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் மண்ணும் தண்ணீரும் போட்டுக் கை கழுவி, உடை மாற்றி, பிறகு தொழுகை. பள்ளிவாசலில் ஒருவர், "நாய் வெச்சிருக்கீங்களாமே?" என்றார். "தாகத்துல கெடந்துச்சி" என்றேன். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவனை ஆண்டவன் மன்னித்த கதை அவருக்கும் தெரியும்.

ஸ்டூல் மேல் உட்கார்ந்து, நாயை இரும்புச் சட்டம் அடுக்கும் மேடையில் படுக்க வைத்து உண்ணி எடுத்தேன். முப்பத்திநாலு. மேடை சரியான உயரம். இத்தனை நாள் இது தோன்றவில்லையே.

விழுப்புரம் பக்கம் வீடுகள் எரிந்ததாம், உயிர் போயிருக்கிறதாம். கடையில் எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். கோபாலு மாமா ஆட்கள் எப்படி இருக்கிறார்களோ. கூழ் கொடுத்தவனின் பெயர் கேட்கவில்லை.

செப்டம்பர் 22, செவ்வாய்

புழுக்கம். மழை வரும்போல.

பாதிக் கதவு திறந்து வியாபாரம். நான் குடோனில் இருப்பது தெரியாமல் அன்வர் யாரிடமோ: "எங்க அத்தாதான். ஏழு மரம் தாண்டிப் போயி, நாயக் கூடையில வெச்சி தள்ளிக்கினே வந்தாரு. அறுவத்தேழு வயசு. உங்க ஊர்ல எவனாவது செஞ்சிருக்கானா சொல்லு."

ஜமீனின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், குரைத்துக் காட்டிக்கொடுத்துவிடப் போகிறதே என்று. முழுசாகக் கேட்க வேண்டும். இன்னொரு ஆளிடம் மறுபடியும் சொன்னான். அதில் மரம் பத்தாகிவிட்டது.

ஜமீன் ஒரு தட்டு முழுக்கத் தின்றது.

செப்டம்பர் 23, புதன்

கட்டு அவிழ்த்தார்கள். பக்கத்தில் நிற்க என்னை விட்டார் டாக்டர். தடிமனான கண்ணாடி ஒன்று போட்டுப் பார்க்கச் சொன்னார். எத்தனை விரல்? மூணு. இப்ப? ஒண்ணு. நல்ல கண், தையல் சுத்தமாக இருக்கிறது என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"இன்னா பாய், இவ்ளோ கெழவனாயிட்ட? எப்ப?"

"நீ பாக்காதப்ப."

வாசலில் அன்வர் ஜமீனைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு நின்றான். நான் சொல்லவில்லை, தானாகக் கொண்டுவந்தான். ஒரு முழம் தள்ளித்தான் நின்றான்.

அண்ணன் மெதுவாக, குனியாமல், படியில் உட்கார்ந்து ஜமீனின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினார். சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"பாய், இவன் கண்ணு ரெண்டுலயும் வெள்ளையா என்னமோ படந்திருக்குது."

"ஆமா அண்ணே."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசமா. ஓரளவு தெரியும் அவனுக்கு. எடது பக்கத்துலருந்து போனா பயந்துக்குவான். வலது பக்கமா, பேரச் சொல்லிக்கினே போவணும்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"உனக்கே கண்ணு தெரியாதப்ப சொல்லி இன்னா பண்றது?"

ஜமீனின் இமையைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "ரெண்டு குருடனையும் நீதான் மேச்சிக்கினு இருந்தியா இத்தினி நாளா?"

ஆமாம். நான்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 24, வியாழன்

நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. மறியல் முடிந்தது. மரங்களை அறுத்து ஓரம் தள்ளியிருக்கிறார்கள், பஸ் இன்னும் சரியாக ஓடவில்லை. அண்ணனை அனுப்ப அன்வர் மாட்டு வண்டி பிடித்தான். வைக்கோல் மேல் அவரும் ஜமீனும். குனியாமல் தட்டு தள்ள என் வளைந்த கம்பியை அவரிடமே கொடுத்துவிட்டேன். ஆறு வாரத்துக்கு அவரும் குனியக்கூடாது.

"ஏறுங்க அத்தா, எடம் இருக்குது" என்றான் அன்வர்.

இருந்ததுதான். வண்டிக்குப் பின்னால் போக நான் சைக்கிளை எடுத்தேன்.